மீன் தொட்டி மோட்டார் சுற்றவில்லையா? தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள்

தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன மோட்டாரைப் பற்றி எழுதுகிறேன். சிலர் பம்ப் என்பார்கள், சிலர் பில்டர் என்பார்கள், கடையில் பவர்ஹெட் என்பார்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான். பசை ஊற்றி மூடிய ஒரு காயில் (கம்பிச் சுருள்), அதன் நடுவில் ஒரு குழி, குழிக்குள் சுற்றும் உருளைக் காந்தம், காந்தத்தின் தலையில் ஒரு இறக்கை. காந்தமும் இறக்கையும் சேர்ந்ததுதான் ரோட்டர், அது சுற்றும் தண்டு ஷாஃப்ட். தொட்டிமேல் உட்காரும் டாப் பில்டர், பின்பக்கம் தொங்கும் பில்டர், கேபினெட்டுக்குள் நிற்கும் கேனிஸ்டர் எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். அதனால் எதை வைத்திருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பாலானது பொருந்தும். பக்கெட்டில் மூழ்கவைப்பதும் ஊறவைப்பதும் மட்டும் தண்ணீருக்குள் ஓடும் மோட்டாருக்குத்தான், தொட்டிக்கு வெளியே இருக்கும் பில்டரின் மோட்டாரை மூழ்கவைக்காதீர்கள்.

நான் இருப்பது தாம்பரம் பக்கம். போர் தண்ணீர். பக்கெட்டில் இரண்டு நாள் நின்றாலே விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். இந்தத் தண்ணீரில்தான் பல வருஷமாக ஐந்து தொட்டி வைத்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுத் தொட்டி நின்றாலும் என்னிடம் ஆள் வரும். "செத்துப்போச்சு" என்று கொண்டுவரும் மோட்டார்களில் பெரும்பாலானவை கழுவி மாட்டியதும் ஓடியிருக்கின்றன. மிச்சத்தில் பாதிக்கு ரோட்டர் மாற்றினால் போதும். நிஜமாகவே காயில் போனவை கொஞ்சம்தான்.

## கை வைக்கும் முன்

ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே ஸ்விட்சை அணைத்தாலும் ஒயரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். மோட்டாரோடு ஹீட்டர், லைட், ஏர் பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை விட வேண்டும். ஹீட்டரைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டம் குறைந்து சூடான கண்ணாடி வெளியே தெரிந்தால் விரிசல் விட்டுவிடும்.

அடுத்தது மீன்கள். கோல்ட் ஃபிஷ், கொய், ஆஸ்கார் மாதிரிப் பெரிய மீன்கள் நெருக்கமாக இருக்கும் தொட்டி என்றால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு ஏர் பம்பைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காத்திருக்க நேரமில்லை என்று பொருள். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீன்கள், அந்தத் தொட்டிகளில் நிதானமாக வேலை செய்யலாம்.

## முதல் கேள்வி: உறுமல் இருக்கிறதா?

மோட்டாரைத் தொட்டியிலிருந்து எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பக்கெட்டில் முழுக்க மூழ்கும்படி வையுங்கள். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்கக் கூடாது, இந்த மோட்டாருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போடுங்கள். தண்ணீரைத் தொடாமல் பக்கெட்டின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வையுங்கள். மோட்டாருக்கு உயிர் இருந்தால் சுவரில் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும், காதை அருகில் கொண்டுபோனால் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் உறுமல் கேட்கும்.

அதிர்வே இல்லையென்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் அதற்கடுத்த பகுதி. பக்கெட்டில் நன்றாகச் சுற்றித் தொட்டியில் மட்டும் மக்கர் பண்ணினால் "சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை" என்ற பகுதியைப் பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் வீட்டு மின்சாரமே விழுந்தாலோ, கையில் சுரீர் என்று பட்டாலோ எதையும் சோதிக்காமல் நேராகக் கடைசி அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை

பிளக் பாயின்ட். அதே பாயின்ட்டில் மொபைல் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால் வேறு ஓட்டையிலும் பாருங்கள். தொட்டி மோட்டார்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பின் பிளக்தான் வரும். மூன்று பின் ஓட்டையில் அது லொட லொடவென்று ஆடும், ஒரு பின் தொடும், இன்னொன்று தொடாது. பின்கள் கறுத்திருந்தால் அங்கே பொறி பறந்துகொண்டிருந்தது என்று பொருள். பின்னை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மோட்டார் ஓடும், ஆனால் கறுத்துப்போன பிளக் பாயின்ட்டை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுவதுதான் சரி. டைமர் வழியாக ஓட்டுபவர்கள் டைமரைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

ஒயர். தொட்டி மூடியின் விளிம்பில் ஒயர் நசுங்கியிருக்கிறதா, கேபினெட்டுக்குப் பின்னால் எலி கடித்திருக்கிறதா என்று விரல் நுனியால் முழு நீளமும் தடவிப் பாருங்கள் (பிளக் வெளியே இருக்கும்போதுதான்). பிளக்கை ஒட்டிய இடத்தில் அறுந்திருந்தால், அது எப்போதும் உலர்ந்த இடம் என்பதால், வெட்டிவிட்டுப் புது பிளக் போட்டுக்கொள்ளலாம். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியிலோ, தண்ணீருக்குள் விழ வாய்ப்புள்ள பகுதியிலோ காயம் என்றால் அந்த மோட்டாரின் கதை முடிந்தது. இன்சுலேஷன் டேப், எம்சீல், சிலிக்கான் எதைச் சுற்றியும் அதைத் திரும்பத் தண்ணீரில் இறக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஐநூறு ரூபாய்ப் பொருளுக்காக அந்தத் தொட்டிக்குள் ஒரு குழந்தை கை விடும் ஆபத்தை ஏற்கக் கூடாது.

காயில். மல்டிமீட்டர் இருந்தால் ஓம்ஸ் பக்கம் திருப்பி, பிளக்கின் இரண்டு பின்னிலும் முனைகளை வையுங்கள். மோட்டாரின் அளவைப் பொறுத்துச் சில நூறு ஓம்ஸிலிருந்து சில ஆயிரம் ஓம்ஸ் வரை ஏதாவது ஒரு எண் நிலையாக நின்றால் காயில் முழுதாக இருக்கிறது. எண்ணே வராமல் திறந்த சுற்று என்று மீட்டர் காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. அப்படியே ஒயரை அங்கங்கே மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் வளைக்கும்போது எண் வந்து வந்து போனால் குற்றம் அந்த இடத்து ஒயரில். எங்கே வளைத்தும் வரவில்லையென்றால் காயில், அல்லது சில மாடல்களில் காயிலோடு சேர்த்து உள்ளே வைத்து மூடிவிடும் வெப்ப ஃப்யூஸ் போய்விட்டது.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மாதிரி இதற்கு வைண்டிங் கட்ட முடியாது. காயிலைச் சுற்றிக் கல் மாதிரி இறுகிய பசை ஊற்றியிருப்பார்கள். அதை உடைத்தால் தண்ணீர் புகாமல் காப்பது எதுவும் மிஞ்சாது. புதிது வாங்குவதுதான் வழி. பழையதிலிருந்து ரோட்டர், ஷாஃப்ட், ரப்பர் புஷ், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

அடாப்டரில் ஓடும் 12 வோல்ட், 24 வோல்ட் மோட்டார் என்றால் பத்தில் ஒன்பது முறை நான் முதலில் சந்தேகப்படுவது அடாப்டரைத்தான். அதே வோல்ட்டும், அதே அளவோ அதற்கு அதிகமோ ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வகைக்கு மேலே சொன்ன ஓம்ஸ் சோதனை உதவாது, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது.

## அறிகுறி: உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை

இதுதான் அதிகம் வருவது, இதுதான் பெரும்பாலும் காசில்லாமல் சரியாவது. உறுமல் கேட்டால் மின்சாரம் வருகிறது, காயில் நன்றாக இருக்கிறது. காந்தத்தை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக அப்படியே உறுமவிட்டு வைக்காதீர்கள், சுற்றாமல் நிற்கும் மோட்டார் சூடாகிக் காயிலையும் கெடுத்துக்கொள்ளும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முகப்பு ஜாலியைக் கழற்றுங்கள். அதன் பின்னால் இறக்கையை மூடியிருக்கும் வட்ட மூடி, சில மாடல்களில் கால் சுற்று திருப்பினால் வரும், சிலவற்றில் நேராக இழுத்தால் வரும். அதற்குப் பிறகு இறக்கையைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். காந்தம் உள்நோக்கிப் பிடித்து இழுக்கும், ரப்பர் மாதிரி ஒரு எதிர்ப்பு தெரியும். பயப்பட வேண்டாம், ஆனால் சாய்த்து இழுக்காதீர்கள், நடுவிலிருக்கும் ஷாஃப்ட் பல மாடல்களில் பீங்கான். வளையாது, ஒடிந்துவிடும்.

இதை வாஷ்பேசின் மேலே செய்ய வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டை வைத்து அதன்மேல் செய்யுங்கள். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் மிளகை விடக் கொஞ்சம் பெரியதாக ரப்பர் புஷ் இருக்கும். அது ஓடும் தண்ணீரோடு போய்விட்டால் அந்த மோட்டாருக்கு வேறு ஊனம் வேண்டாம்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் அடைப்பு. சென்ற மே மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மாடி வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆச்சு, இப்ப வந்துடுச்சு, ஆனா மோட்டார் மட்டும் வரல. கோல்ட் ஃபிஷ் எல்லாம் மேலயே நிக்குது, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பக்கெட்டில் வைத்துப் பார்த்தேன், உறுமியது. ரோட்டரை வெளியே இழுத்தால் காந்தத்தின் பக்கவாட்டில் அரிசி நீளத்தில் ஒரு நத்தைக்குட்டி. கூம்பு மாதிரி நீண்ட ஓடு உள்ள வகை, மணலுக்குள் புதைந்து வாழும். மோட்டார் ஓடும்போது சுழற்சியில் உள்ளே நிற்க முடியாது, நின்றிருந்த அந்த நாலு மணி நேரத்தில் ஜாலி வழியாக நுழைந்து குழிக்குள் இறங்கிவிட்டது. ஊசியால் எடுத்துப் போட்டேன், மோட்டார் ஓடியது. "இவ்வளவுதானா தம்பி?" என்றார். இவ்வளவுதான், ஆனால் அந்த இரவே பார்த்திருக்காவிட்டால் காலையில் மீன் இருந்திருக்காது.

நத்தை தவிர நான் எடுத்தவை: கறுப்பு மணல் ஒரு துளி, தலைமுடி, பாசி நூல், வாலிஸ்னேரியா என்ற தொட்டிச் செடியின் இலை நார். முடியும் பாசியும் இறக்கைக்கும் காந்தத்துக்கும் இடையே இறுக்கமாகச் சுற்றிக் கிடக்கும், பார்த்தால் தெரியாது. நகத்தால் கீறிப் பாருங்கள்.

அடுத்தது வழுவழுப்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழிக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். காப்பி நிறத்தில் கொழகொழவென்று வந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். காந்தத்துக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, அந்த இடம் முழுக்க இந்த வழுவழுப்பு நிரம்பிவிடும். ஓடும்போது காந்தம் அதற்குள்ளேயே ஒரு வழி செய்துகொண்டு சுற்றும், நின்றவுடன் அது அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், குழந்தைகள் பால் பாட்டில் நிப்பிள் கழுவும் சின்ன பிரஷ்ஷும் இந்த வேலைக்கு நன்றாக உதவும். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம்.

அதற்கடுத்தது உப்பு. குழியின் உட்சுவரையும் காந்தத்தையும் விரலால் தடவுங்கள். வழவழவென்று இல்லாமல் மணல்தாள் மாதிரிச் சொரசொரத்தால் உப்புப் படிந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீருக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இது நிச்சயம். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிளக்கும் ஒயரின் அந்த முனையும் வெளியே இருக்கும்படி மோட்டாரை அதில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ரோட்டரையும் தனியாகப் போடுங்கள். நுரை நுரையாகக் குமிழி வந்து பிறகு அடங்கும். பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், இன்னும் சொரசொரத்தால் ராத்திரி முழுக்க விடலாம். வினிகர் இல்லாத வீட்டில் மளிகைக் கடை எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி கரைத்தால் அதே வேலையைச் செய்யும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள்.

செய்யக் கூடாதவையும் சொல்லிவிடுகிறேன். கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், பிளாஸ்டிக் குழி ஒரு இம்மி கோணினாலும் காந்தம் உரசும். கத்தியாலும் உப்புத்தாளாலும் காந்தத்தைச் சுரண்டாதீர்கள், மேலுறை போனால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

கழுவியும் சுற்றவில்லையென்றால் ரோட்டரைச் சோதியுங்கள். ஒரு கையில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இறக்கையைத் திருப்புங்கள். சுமார் அரைச் சுற்று லேசாகச் சுற்றி, ஒரு இடத்தில் 'டக்' என்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "இறக்கை லூஸாகிவிட்டது" என்று சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுபவர்கள் பலர். ஒட்டவே கூடாது. காந்தம் முதலில் பாரமில்லாமல் வேகம் பிடித்து, பிறகு இறக்கையைத் தட்டி இழுத்துப் போவதற்காகத்தான் அந்த இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஒட்டிவிட்டால் மோட்டார் உறுமுமே தவிரக் கிளம்பாது. அந்த அரைச் சுற்று சுற்றாமல் இறுகியிருந்தால் உள்ளே அழுக்கு, திரும்ப வினிகரில் போடுங்கள். நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் தடுப்புப் பல் உடைந்துவிட்டது, ரோட்டர் மாற்ற வேண்டும்.

ஷாஃப்ட் ஒடிந்திருக்கிறதா பாருங்கள். முடியளவு விரிசல் கண்ணில் படாது, இரண்டு விரலுக்கிடையில் உருட்டினால் நகத்தில் தட்டும். இரு பக்க ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றனவா? ஒன்று இல்லையென்றாலும் காந்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து குழிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, காந்தத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, கோடு கோடாகக் கீறல் இருந்தாலோ, உறை வெடித்திருந்தாலோ காந்தம் பருத்தோ சாய்ந்தோ குழிச் சுவரில் உரசியிருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது குழிக்குள் விட்டு விரலால் சுற்றினால் எங்கும் உரசக் கூடாது. உரசினால் கழுவிப் பயனில்லை.

ரோட்டர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், மோட்டாரையும் சேர்த்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர்தான் இடம், வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பல மாடல்களுக்கு ரோட்டர் தனியாகக் கிடைக்கும். ஒருமுறை ஒரு கடையில் "எல்லாத்துக்கும் ஒரே சைஸ்தான்" என்று சொன்னதை நம்பி மாடல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கி வந்தேன். ஷாஃப்ட் ஒரு மில்லிமீட்டர் நீளம். மூடியை அழுத்தி மூடினால் இறக்கை அதில் இடித்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து, கடையிலேயே குழிக்குள் போட்டு, மூடி போட்டு, விரலால் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ரோட்டரின் விலை புது மோட்டாரின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புது மோட்டாரே வாங்கிவிடுவேன். குழியும் தேய்ந்திருக்கும்.

## அறிகுறி: தட்டினால் சுற்றுகிறது, கரண்ட் போய் வந்தால் நின்றுவிடுகிறது

இந்த அறிகுறியைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். "ஒரு தட்டு தட்டினா ஓடிடும்" என்று மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால் தட்ட யார் இருக்கிறார்கள்?

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பார்த்து அது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பழுது முழுக்க அது கிளம்பும் அந்த ஒரு நொடியில்தான் வெளிப்படும். ஆகவே நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மோட்டாரையும் அணைத்து, பத்து நிமிஷம் விட்டு, திரும்பப் போடுவேன். இப்படி மூன்று முறை. மூன்று முறையும் தயங்காமல் கிளம்பினால் விட்டுவிடுவேன். ஒருமுறை ஒரு நொடி உறுமிவிட்டுக் கிளம்பினாலும் அன்றைக்கே கழற்றிக் கழுவுவேன். ஊருக்குப் போவதற்கு முந்தைய நாளும் இந்தச் சோதனை உண்டு.

காரணங்கள் வரிசையாக: முதலில் மேலே சொன்ன வழுவழுப்பும் உப்பும். கழுவிய பிறகும் தட்டினால்தான் ஓடுகிறது என்றால் புஷ்ஷும் ஷாஃப்ட்டும் தேய்ந்திருக்கின்றன. இறக்கையை ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் தாராளமாக ஆடினால் தேய்மானம்தான். ரோட்டர் செட் மாற்றினால் சரியாகும்.

ராத்திரியில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் வோல்ட்டேஜைப் பாருங்கள். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில் 200-க்கும் கீழே இறங்கினால், பகலில் ஒழுங்காகக் கிளம்பிய மோட்டார் ராத்திரி கிளம்பத் திணறும். உங்கள் வீட்டில் மட்டும் குறைகிறதா, தெருவுக்கே அப்படியா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய லூஸ் இணைப்பு எங்கோ இருக்கிறது, தெருவுக்கே என்றால் மின்வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டரில் மட்டும் தகராறு செய்தால் மோட்டாரில் குற்றமில்லை. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த மோட்டார்கள் கரகரவென்று கத்தும், சூடாகும், சில சமயம் கிளம்பவே கிளம்பாது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தச் சிக்கல் இல்லை. இன்வெர்ட்டரை மாற்ற முடியாதவர்கள் மோட்டாரை அந்த லைனிலிருந்து எடுத்துவிட்டு, கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டுங்கள். மீனுக்கு அந்த நேரத்தில் தேவை காற்றுதான்.

## அறிகுறி: சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை

பெரும்பாலும் காற்று அடைத்திருக்கும். தண்ணீர் மாற்றிய பிறகு வருவது இதுதான். பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்துக் குலுக்குங்கள், குமிழிகள் வெளியேறும். தண்ணீர் மட்டம் மோட்டாருக்கு மேல் நாலு விரலாவது இருக்கிறதா பாருங்கள்.

பிறகு ஸ்பாஞ்ச். அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டிய நேரம். குழாயில் கழுவாமல் தொட்டித் தண்ணீரில் பிழியுங்கள், அதில்தான் தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, குளோரின் கலந்த தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும்.

குழாய் எங்காவது மடிந்திருக்கலாம், உள்ளே பாசி படர்ந்து ஓட்டை சுருங்கியிருக்கலாம். புதிதாக வாங்கிய மோட்டார் என்றால் அதன் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச உயரத்தைப் படியுங்கள். ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் ஒரு மீட்டரில் தண்ணீர் கொட்டும் என்று அர்த்தமில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் வரத்து பூஜ்யமாகிவிடும் என்று அர்த்தம். ஏற்ற வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்காவது எழுதியிருக்கும் மோட்டார்தான் வாங்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லையென்றால் மூடியைத் திறந்து இறக்கையைப் பாருங்கள். காந்தம் சுற்றும், இறக்கை தனியாகக் கழன்று நிற்கும், அல்லது இறக்கைத் தகடுகள் ஒடிந்திருக்கும்.

## அறிகுறி: கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிறது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சாதாரணம். கை வைக்க முடியாத சூடு என்றால் அது தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது, அல்லது அரை அடைப்போடு திணறியிருக்கிறது. கழுவி, முழுக்க மூழ்க வைத்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். திரும்பவும் சூடாகி நின்று, ஆறியதும் ஓடினால் காயில் சாகப்போகிறது. அதை நம்பி ஒரு ராத்திரிகூடத் தொட்டியை விடாதீர்கள்.

## அறிகுறி: கரண்ட் ட்ரிப் ஆகிறது, தண்ணீரில் சுரீர் என்கிறது

இங்கே நீங்களாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான். தொட்டியின் எல்லாப் பிளக்கையும் உலர்ந்த கையால் பிடுங்கிவிட்டு, தண்ணீரைத் தொடாமல், ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது ட்ரிப் ஆகிறதோ அதுதான் குற்றவாளி. நான் பார்த்தவரை மோட்டாரைவிட, கண்ணாடி விரிந்த ஹீட்டர்தான் அதிகம் மாட்டும். எதுவானாலும் அதைத் திரும்பத் தண்ணீரில் போடக் கூடாது. குப்பையில் போடுவதற்கு முன் ஒயரை வெட்டிவிடுங்கள், யாராவது எடுத்து ஓட்டிப் பார்க்காமல் இருப்பார்கள்.

சுரீர் என்று பட்டும் ட்ரிப் ஆகவில்லையென்றால் அது இன்னும் மோசம். உங்கள் வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை, அல்லது கசிவு அது துண்டிக்கும் அளவை எட்டவில்லை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள், எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு இது மீனுக்கு முந்தைய செலவு. கூடவே, ஒயர் பிளக் பாயின்ட்டுக்குப் போகும் வழியில் பாயின்ட்டைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பாயின்ட்டுக்குள் போகாது.

## ஓட ஆரம்பித்த பிறகு

மோட்டார் ஒரு ராத்திரிக்கு மேல் நின்றிருந்தால், பில்டரை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். மூடிய கேனிஸ்டர் என்றால் இது மிக முக்கியம். உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் செத்து அழுகியிருக்கும். திறந்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையும் கற்களையும் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். தொட்டியில் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு நாள் தீனியைக் குறையுங்கள், பட்டினி கிடந்து மீன் சாகாது.

பிறகு மோட்டாரை அணைத்து அணைத்து மூன்று முறை போட்டுப் பாருங்கள். மூன்று முறையும் உடனே கிளம்பினால் தண்ணீர் மட்டத்தைச் சரிபார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஹீட்டரை மாட்டுங்கள்.